இலையைச் சமைத்துத் தண்டை எறிந்தவன்

1

கடிதம் வந்தது செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தில் நல்ல செய்தியை நேரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கெட்ட செய்தியை மட்டும் உறையில் போட்டு, ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து அனுப்புவார்கள். அன்புள்ள மிஸ்டர் அந்தோணி, தங்களுடைய பதினான்காம் எண் நிலத்துண்டில் நைட்ஷேட் என்னும் நச்சுக் களைச்செடி வரிசை வரிசையாகப் பயிரிடப்பட்டிருப்பதாகக் கமிட்டிக்குப் புகார் வந்துள்ளது. களைகளை விதை விடும்வரை வளர விடுவது விதிமீறல். தக்க விளக்கம் இல்லையென்றால் நிலம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.

வரிசை வரிசையாக என்று எழுதியிருந்தது மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கயிறு பிடித்து நட்டவன் நான்.

திண்டிவனத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் நைட்ஷேட் என்று எழுதியிருந்தது நம்முடைய மணத்தக்காளியைத்தான். சாக்கடை ஓரம், சுவரோரம், தண்ணீர் தேங்கும் துணி துவைக்கிற கல்லடி என்று கேட்பாரில்லாமல் முளைக்கிற அதே செடி. அதை வளர்த்த குற்றத்துக்காக ஒரு மனிதனிடமிருந்து நிலத்தைப் பிடுங்கலாமா என்று ஏழு பேர் கொண்ட கமிட்டி ஒன்று கூடி, தேநீர் குடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தது.

நிலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இங்கே தோட்டமில்லாத வீடுகளில் இருப்பவர்களுக்காக ஊருக்கு வெளியே ஒரு வெளியைத் துண்டு துண்டாக வெட்டி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டு என்பது நம்மூரில் கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடும் அளவு. அதற்கு ஒரு கமிட்டி, ஒரு செயலாளர், ஒரு விதிப் புத்தகம். நான்கு வருடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து வாங்கியது. இந்த நாட்டில் எனக்கென்று நானே கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கிடைத்ததன் மிச்சம்.

2

ஸ்டெல்லா விழுப்புரத்தில் நர்சிங் படித்தவள். இந்த நாடு அவளைத்தான் கூப்பிட்டது. நான் அவளுடைய விசாவில் இணைப்பாக வந்தவன். பன்னிரண்டு வருடமாகிறது. ரொட்டி ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். எங்கள் மகள் ஜெனிக்கு வரும்போது மூன்று வயது, இப்போது பதினைந்து. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஏதாவது வேண்டியிருந்தால் மட்டும் ‘அப்பா’ என்று சுத்தமான தமிழில் ஆரம்பிப்பாள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று கையை ஆட்டினால், யாரோ ஒரு ரொட்டி வண்டிக்காரருக்கு ஆட்டுவதுபோலத் திருப்பி ஆட்டுவாள்.

இங்கே வருவதற்கு முன்பு நான் பார்த்த வேலையை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. திண்டிவனத்தில் ஒரு உரக்கடையில் பதினோரு வருடம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன். களைக்கொல்லி விற்பதில் நான் கெட்டிக்காரன். ஒலக்கூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்கு மருந்து கேட்டு வருபவர்களிடம், “இத்த அடிங்கண்ணே, மணத்தக்காளி, பருப்புக்கீரை ஒன்னு நிக்காது. மூணாம் நாள் வந்து சொல்லுங்க” என்பேன். மூன்றாம் நாள் வந்து சொல்லவும் செய்வார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் நான் கொன்ற மணத்தக்காளிகள் எல்லாம் சேர்ந்து எனக்கு வைத்த வழக்குதான் அந்தக் கடிதம் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவளுக்கு இப்படிப்பட்ட விஷயங்களில் நம்பிக்கை அதிகம்.

3

உண்மையான குற்றம் ஒன்று இருந்தது. கமிட்டிக்கு அது தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிலத்தின் கேட் சாவியைக் கொடுத்தவர் கமிட்டியின் செயலாளர் மார்கரெட். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு கோப்பு. எனக்குப் பக்கத்துத் துண்டு அவருடையது. என் துண்டு அவர் கணவர் பயிரிட்டது. அவர் இறந்துவிட்டார், இவரால் இரண்டையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. சாவி கொடுத்த அன்று மூலையில் இருந்த பெரிய இலைச் செடி ஒன்றைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அதில் ‘கணவர்’ என்பதும் ‘நாற்பது வருடம்’ என்பதும் எனக்குப் பிடிபட்டன. மீதிக்குத் தலையாட்டினேன். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் பிழைத்தவனுக்கு எங்கே தலையாட்ட வேண்டும் என்று தெரியும். எதற்கு ஆட்டினோம் என்பது பிறகுதான் தெரியவரும்.

ஏப்ரல் மாதம். நிலத்தில் வேறெதுவும் இல்லை. அந்த ஒரு செடி மட்டும் முறத்தளவு இலைகளோடு நின்றது. பல வருடமாக உறைந்த கீரையை வாங்கிச் சமைத்துச் சமைத்து நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஐந்து இலையை அறுத்தேன். தண்டு கட்டை விரலைவிட மொத்தமாக, சிவப்பாக இருந்தது. நாம் கீரைத்தண்டில் சாம்பார் வைக்கிறவர்கள்தான். ஆனால் இவ்வளவு மொத்தமாக இருந்தால் முற்றிப்போனது என்று பொருள். தண்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

துவரம்பருப்பு, பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டுக் கடைந்தேன். வாயில் வைத்தால் புளிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளிச்சக்கீரை! இங்கிலாந்தில் புளிச்சக்கீரை! ஜெனியைக் கூப்பிட்டேன். அவள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்கு பீட்சா போதும் என்றாள். அப்பாவின் சாப்பாட்டை மதிக்காத பிள்ளையாகிவிட்டாளே என்று மனம் வருந்தி, அந்த வருத்தத்தில் அவளுடைய பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.

அரைமணி நேரத்தில் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. வேகாத கருணைக்கிழங்கைத் தின்றால் அரிக்குமே, அது. பிறகு வயிறு. பிறகு வாந்தி. ஜெனி சமையலறைக் குப்பையில் கிடந்த இலைத்துண்டைப் போனில் படம் பிடித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ரூபார்ப் என்று அதற்குப் பெயராம். இந்த நாட்டில் எல்லோரும் அதன் தண்டைச் சர்க்கரை போட்டுத் தின்கிறார்கள். இலை விஷமாம். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியுமாம்.

ஸ்டெல்லா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதாயிற்று. இளம் டாக்டர் ஒருவர் இலையை எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டார். பருப்புடன் என்றேன். தண்டு என்ன ஆயிற்று என்றார். எறிந்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னலைப் பார்த்தார். தன் வார்டிலிருந்து ஓடிவந்த ஸ்டெல்லாவின் முகத்தில் முதலில் கவலை இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் கவலை போய் வேறொன்று வந்தது.

“பதினோரு வருஷம் செடிக்கு மருந்து வித்தீங்க. ஒரு செடியகூடவா தெரியல?” என்றாள்.

சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.  எனக்குச் சாகடிக்கத் தெரியும், பார்த்துத் தெரிந்துகொள்ள யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மண்வெட்டியோடு போனேன். அந்தச் செடியை வேரோடு தோண்டினேன். வேரென்றால் பன்றித்தலை கனத்தில் ஒரு கிழங்கு. மண்வெட்டி வைக்கும் ஷெட்டுக்குப் பின்னால் குப்பைக்குவியலில் வீசிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மார்கரெட் எங்களுக்கு நடுவே இருந்த ஆளுயர வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, தன் கணவரின் ரூபார்ப் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் ‘கணவர்’, ‘நாற்பது வருடம்’ இரண்டும் எனக்கு ஒன்று சேர்ந்தன. அது அந்தக் கணவர் தன் கையால் நட்டு நாற்பது வருடம் வளர்த்த செடி. அதைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

மிக நன்றாக இருக்கிறது என்றேன்.

4

ஜூன் மாதம் ஒரு அதிசயம் நடந்தது. நான் விதைத்தது ஒன்றும் முளைக்கவில்லை. விதைக்காதது எல்லாம் முளைத்தது. பருப்புக்கீரை. சக்கரவர்த்திக் கீரை. ஓர் ஓரத்தில், வெள்ளைப் பூ வைத்து, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காயோடு மணத்தக்காளி. யாரும் கொண்டுவரவில்லை. இந்த மண்ணில் எனக்கு எத்தனையோ காலம் முன்பே வந்து, விசா எதுவும் இல்லாமல் குடியிருக்கிறது.

ஒருமுறை சூடுபட்டவன், அதனால் அவசரப்படவில்லை. ஜெனியிடம் காட்டினேன். அவள் இரண்டு நாள் போனில் படித்துவிட்டு எனக்கு வகுப்பெடுத்தாள். இதே குடும்பத்தில் நிஜமாகவே ஆளைக் கொல்லும் செடி ஒன்று இந்த நாட்டில் உண்டு. அதன் பழம் பெரியது, ஒற்றை ஒற்றையாக இருக்கும், அடியில் பச்சை நட்சத்திரம்போல ஐந்து இதழ் விரிந்திருக்கும். இது பட்டாணி அளவு, கொத்தாகத் தொங்கும். இதிலும் பச்சைக்காயை வாயில் வைக்கக் கூடாது. கறுத்துப் பழுத்தால்தான். எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் சொல்லுக்கு அந்த வீட்டில் அப்போது மதிப்பில்லை. முதல் பழத்தை ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்து தின்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் நானே விதை எடுத்து, கயிறு பிடித்து ஆறு வரிசை நட்டேன். மருந்து கிடையாது, உரம் கிடையாது. டீத்தூள் சக்கை, காய்கறித் தோல், வேனில் மிஞ்சும் பழைய ரொட்டி எல்லாம் மக்கி மண்ணுக்குப் போயின. தொல்லை என்றால் நத்தைதான். கிண்ணத்தில் பீர் ஊற்றி வைத்தால் நத்தை அதில் விழுந்து சாகும் என்று பக்கத்துத் துண்டுக்காரர்கள் சொன்னார்கள். ஷெட்டில் பீர் டின்னைப் பார்த்த ஸ்டெல்லாவிடம் அது நத்தைக்கு என்று சொன்னேன். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் நம்பாத உண்மை அது ஒன்றுதான்.

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கிருந்த ஆள் லூர்து அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை, மொட்டைமாடியில் தோட்டம். வீடியோ அழைப்பில் என் ஆறு வரிசையைக் காட்டினேன். ஏதோ தென்னந்தோப்பு வாங்கிவிட்டதுபோல நான் காட்டிக்கொண்டிருக்க, அக்கா கொட்டாவி விட்டாள்.

“இதுக்காடா இம்மாந்தூரம் போன? இது இங்க செவுத்தோரம் கேப்பாரில்லாம கெடக்குது. கோழிகூட திங்க மாட்டுது.”

அக்காவின் கவலை வேறு. யாரோ போனில் சொன்னார்களாம், ரோஸ்மேரி இலையைக் கொதிக்கவைத்துத் தலையில் தெளித்தால் முடி கொட்டாதென்று. மூன்று ரோஸ்மேரி வாங்கி மூன்றும் திண்டிவனம் வெயிலில் கருகிவிட்டன. கண்டாச்சிபுரம் போன இடத்தில்கூட நர்சரியில் கேட்டிருக்கிறாள். அவர்கள் ரோஜாவைக் காட்டியிருக்கிறார்கள்.  இங்கே சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் ரோஸ்மேரி வேலியாக நிற்கிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அதன்மேல்தான் நான் இடிப்பேன்.

5

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். பதில் கடிதத்தை ஜெனியிடம் எழுதச் சொன்னேன். இது உணவு, களை அல்ல என்று நான்கு வரி எழுதினாள். கமிட்டி கூடி ஆலோசித்தது. செயலாளர் நேரில் வந்து பார்வையிட்டு முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. பார்வையிடும் நாள் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை.

மணத்தக்காளி நவம்பர் பனியில் செத்துவிடும். மார்ச்சில் அங்கே வெறும் மண்தான் இருக்கும். இதைச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதலாமா என்றேன். எழுதினால் அதையும் ஆலோசிப்பார்கள், நாள் ஆகஸ்டுக்குப் போய்விடும் என்றாள் ஜெனி. இந்த நாட்டை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

பழத்தையெல்லாம் பறித்து மோரிலும் உப்பிலும் ஊறவைத்து வற்றல் போட்டேன். வெயில் இல்லை. ஹீட்டர்மேல் தட்டுகளை வைத்துக் காயவைத்தேன். அதே ஹீட்டர்மேல்தான் ஜெனியின் பள்ளிச் சீருடையும் காயும். தன்னிடம் புளித்த மோர் வாடை வருவதாக வகுப்பில் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வற்றல் மட்டும் அருமையாக வந்தது. இரண்டு பாட்டில்.

ஜனவரியில் இரண்டு காரியம் நடந்தன. இரண்டும் ஒரே வாரத்தில்.

ஒன்று, அக்கா அழைத்தாள். ரோஸ்மேரிக்கு நிழல் வேண்டும், சுவரோரத்தைச் சுத்தம் பண்ணித் தொட்டி கட்டப் போகிறாள், புல்லும் பூண்டும் மண்டிக் கிடக்கிறது, எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்து ஒருவர் என்னிடம் என் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீர், வெயில் ஏறுவதற்கு முன் அடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் பழைய கடையிலேயே வாங்கச் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்லு அக்கா என்றும் சொன்னேன்.

இரண்டு, ஷெட்டுக்குப் பின்னால் போனேன். குப்பைக்குவியலின் உச்சியில் செக்கச் சிவப்பாக நான்கு முளைகள் எட்டிப் பார்த்தன. ரூபார்ப். வேரோடு பிடுங்கி வீசி, ஒன்றே முக்கால் வருடம் மேலே குப்பை கொட்டியும் அது சாகவில்லை.  மார்ச்சில் மார்கரெட் வந்து இதைப் பார்த்தால், புருஷன் நட்ட செடி குப்பையில் கிடப்பது தெரிந்துவிடும். மணத்தக்காளிக்கு மன்னிப்பு கிடைத்தாலும் இதற்குக் கிடைக்காது. பழைய கறுப்புக் குப்பைத்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து அதை மூடினேன். மேலே ஒரு செங்கல் வைத்தேன். வெளிச்சம் இல்லாமல் செத்துத் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

6

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருந்தால் ஸ்டெல்லா வீட்டில் மீன்குழம்பு வைக்க மாட்டாள். ஊரில் இது சுலபம். சிறுவயதிலிருந்து மனப்பாடமான பட்டியல் உண்டு. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன் என்று மூச்சுவிடாமல் சொன்னால் சாமியாரும் மூச்சுவிடாமல் ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பாவத்துக்கும் வார்த்தை தேட வேண்டும். தேடும்போது பாவம் பெரிதாகிவிடுகிறது.

வயதான பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டார். ஒரு விதவையிடம் ஒரு ரூபார்பைப் பற்றிப் பொய் சொன்னேன் என்றேன்.  பிறகு, அந்த ரூபார்பைத் திருடினாயா என்றார். இல்லை, இலையைச் சாப்பிட்டேன் என்றேன்.  இருமல்போல ஒரு சத்தம் வந்தது. உடம்பு இப்போது பரவாயில்லையா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எந்தச் சாமியாரும் பாவத்தைக் கேட்டுவிட்டு என் உடம்பை விசாரித்ததில்லை.

அபராதமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் கொடுத்தார். கூடவே, அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றார். வேண்டுமானால் முப்பதாகச் சொல்லிவிடுகிறேனே என்றேன். மூன்று போதும், அவரிடம் போ என்றார்.

7

அந்தச் சனிக்கிழமை ஜெனி தானாகவே கூட வந்தாள். கையில் ஒரு பெரிய அட்டை. இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, கொல்லுவது எது, குழம்புக்கு எது என்று வண்ணம் தீட்டியிருந்தாள். எப்போது வரைந்தாள் என்று எனக்குத் தெரியாது.  புளிச்சமோர் வாடைக்கு அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது.

மார்கரெட் கோப்போடும் அளக்கும் டேப்போடும் வந்தார். வெறும் மண்ணைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கோப்பில் எழுதினார்: நைட்ஷேட், தற்போது காணப்படவில்லை. ஜெனி அட்டையைக் காட்டி விளக்கினாள். நான் வற்றல் பாட்டிலை நீட்டினேன். மார்கரெட் முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். மோர் வாடை.

பிறகு, ரூபார்ப் எங்கே, வழக்கமான மூலையில் காணோமே என்றார். நான் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டார். நான் ஓடினேன். அவர் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். தொட்டியைத் தூக்கினார்.

உள்ளே செத்த செடி இல்லை. முழங்கால் உயரத்துக்கு, மெழுகுவத்தி போன்ற இளஞ்சிவப்புத் தண்டுகள் பத்துப் பதினைந்து, உச்சியில் சுருண்ட மஞ்சள் இலையோடு நேராக நின்றன. மார்கரெட் குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார். பேசியபோது குரல் மாறியிருந்தது. தன் கணவரும் இப்படித்தான் செய்வாராம். ஜனவரியில் கறுப்புத் தொட்டியைக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல். இருட்டில் வளர்ந்தால்தான் தண்டு இளசாக, இனிப்பாக வரும். மக்கிய குப்பைதான் அதற்கு நல்ல உரம் என்று வேரைப் பெயர்த்து இங்கே வைத்திருக்கிறாயே, யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு நல்ல பெயர் கிடைத்ததில்லை. தலையாட்டினால் போதும். அதில் நான் பழக்கப்பட்டவன் வேறு. ஜெனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். 

சொல்லிவிட்டேன். கீரை என்று நினைத்தது, பருப்பு, பூண்டு, ஆஸ்பத்திரி, மண்வெட்டி, குப்பை, அது சாகட்டும் என்று தொட்டியைக் கவிழ்த்தது, எல்லாவற்றையும். வார்த்தை கிடைக்காத இடத்தில் ஜெனி எடுத்துக்கொடுத்தாள். முடித்தபோது என் நிலம் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன்.

மார்கரெட் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து ஜெனி பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தபடி, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டார். இரண்டு பேர் பங்கு என்றேன். மறுபடியும் சிரித்தார். இந்த நாற்பது வருடத்தில் அந்தத் தண்டைத் திருடியவர்கள் உண்டு, நத்தை தின்றதுண்டு, பூண்டு போட்டுக் கடைந்தவன் நீ ஒருவன்தான், என் கணவர் இருந்திருந்தால் உன்னைத் தினமும் தேநீருக்குக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்லியிருப்பார் என்றார். பிறகு எழுந்து, கோப்பைத் திறந்து எழுதினார். ஜெனி எட்டிப் பார்த்து எனக்குச் சொன்னாள்: பதினான்காம் எண், ரூபார்ப் மிகச் சிறப்பு. மணத்தக்காளிக்கு அனுமதி உண்டு, ஆனால் இது பயிர், களையல்ல என்று ஒரு பலகை நட வேண்டும்.

அன்று வீட்டுக்கு நாலு தண்டு வந்தது. சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்னச் சொன்னார். நான் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் போட்டுத் தொக்கு செய்தேன். ஸ்டெல்லா முதலில் என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பாதி பாட்டிலை அவளே காலி செய்தாள். ஒரு பாட்டில் மார்கரெட்டுக்குப் போனது.

8

ஜூனில் அக்கா அழைத்தபோது பேச்சு குழறியது. வாய் முழுக்கப் புண். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மணத்தக்காளியை மென்று தின்றால் சட்டென்று ஆறும் என்று அவளுக்குத் தெரியும், எப்போதும் அப்படித்தான் செய்வாள். சுவரோரம் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒன்றுமில்லை. பக்கத்து மனையில் இல்லை, அது கட்டடமாகிவிட்டது. மார்க்கெட்டில் கீரைக்கார அம்மாவிடம் கேட்டால், நாளைக்கு, நாளைக்கு என்கிறாளாம்.

“நீ சொன்ன மருந்துதான்டா. சும்மா சொல்லக் கூடாது. ஒரு புல்லு மொளைக்கல இன்னும்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. மருந்து நன்றாக வேலை செய்தது என்றுதான் சொன்னாள். என் பழைய வாடிக்கையாளர்கள் சொல்வதுபோலவே.  இங்கே ஒரு மணத்தக்காளிக்காகக் கடிதம், அட்டை, பலகை என்று போராடியவன், அதே குளிர்காலத்தில் என் அக்கா வீட்டு மணத்தக்காளியை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, மில்லி கணக்குச் சொல்லிக் கொன்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். பெட்டியில் அக்காவுக்காக ஒரு பாட்டில் வற்றலும் காய்ந்த ரோஸ்மேரி ஒரு பொட்டலமும். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய சூட்டில் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வற்றலை எண்ணெயில் வறுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னா சொல்லு, ஃபாரின் சாமான் ஃபாரின் சாமான்தான்டா” என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை துணி துவைக்கிற கல்லடியில் ஜெனி குந்தி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கல்லின் அடிப்பக்கம், மருந்து படாத இடத்தில், விரல் உயரத்துக்கு ஒரு மணத்தக்காளிக் கன்று. நான் சுற்றிலும் மூன்று செங்கல் வைத்தேன். அக்கா வாளியோடு வந்தாள். கல்லை அடைத்துக்கொண்டு அப்பனும் மகளும் இன்னா பண்றீங்க, அந்தக் களையைப் பிடுங்கிப் போடு, துணி துவைக்கணும் என்றாள்.

“இல்லக்கா. நான் அங்கருந்து எடுத்தாந்து போட்டது.”

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். அவளும் குந்தி உட்கார்ந்து கன்றை உற்றுப் பார்த்தாள்.

“அங்கத்து வெதையா? அதான் எலையே வேற மாதிரி இருக்குது” என்றாள். இன்னும் இரண்டு செங்கல் எடுத்துவந்து தானே வைத்தாள். துணியை மாடிக்குழாயில் துவைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

இங்கே திரும்பியதிலிருந்து வாரம் ஒரு படம் அனுப்புகிறாள். செடி இடுப்பளவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் கேட்டால்கூடக் கிள்ளித் தருவதில்லையாம். வரும் தவக்காலத்துக்கு என்னிடம் ஒரு பாவம் தயாராக இருக்கிறது. அந்தச் சாமியார் என்ன அபராதம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். போய் உண்மையைச் சொல் என்று மட்டும் சொன்னால், இந்த முறை நான் கேட்கப் போவதில்லை.